குடம் காலியா, நிறைகுடமா: முதல் அனிமேஷனை யாரிடம் காட்டுவது?

கையால் வரைந்த முதல் கேரக்டர் அனிமேஷன் ஓடத் தொடங்கிய அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காது. 48 தாள் வரைந்து, ஒவ்வொன்றையும் மொபைலில் படமெடுத்து, வரிசையாகக் கோத்து ஓடவிட்டால், நேற்று வரை வெறும் கோடாகக் கிடந்த ஒருத்தி குனிகிறாள், நிமிர்கிறாள். இருபது தடவை பார்த்தாலும் அலுக்காது. அதற்கப்புறம் எங்கேயோ ஓரிடத்தில் உறுத்தும். என்ன உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது. யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டும் என்று தோன்றுவது அப்போதுதான்.

யாரிடம் என்பதுதான் கஷ்டம். கோபி, அந்தியூர், காங்கேயம், தாராபுரம் என்று நம் பக்கத்து ஊர்களில் ஓவியம் சொல்லித்தர ஆள் கிடைப்பார். கையால் வரையும் அனிமேஷனைத் தொழிலாகச் செய்தவர் நம் தெருவிலேயே இருப்பது அபூர்வம். நான் கோபிக்குப் பக்கத்துக் கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் வரைவது பிழைப்பு. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அனிமேஷன். ஆரம்பத்தில் வீட்டு ஆட்கள், கூட வரைகிறவர்கள், பயிற்சி மையம், தொழில் அனிமேட்டர், கடைசியில் நானே என்று எல்லாரிடமும் போய் நின்றிருக்கிறேன். இப்போது என்னிடம் அதே கேள்வியோடு வருகிற தம்பி தங்கைகளுக்காக, எந்த வழியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று எழுதிவைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் அனிமேஷனே தெரியாத ஒருவர். அடுத்து, நீங்கள் வரைந்த அசைவை உடம்பால் தினமும் செய்கிற ஒருவர். மூன்றாவதாக, உங்கள் தாளின் மேல் தாள் வைத்து வரைந்து காட்டக்கூடிய அனிமேட்டர் ஒருவர். இந்த வரிசையில் போகாமல் நான் மூன்று வாரத்தை இழந்தேன்.

நான் வரைந்தது ஒரு கிழவி. குழாயடியில் நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போகிறாள். மொத்தம் 4 விநாடி. சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் வந்துபோகும் 24 படம். ஒரு தாளை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 தாள் போதும். அந்தக் கணக்கில் 48 தாள். பென்சில் கோட்டிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ ஆசையில் கோட்டைச் சுத்தமாக எடுத்து, சேலைக்குக் கலர் கொடுத்து, கண்டாங்கிக் கட்டத்தையும் ஒவ்வொரு தாளிலும் வரைந்து முடித்தேன். எல்லாம் முடித்த பிறகுதான் மற்றவர்களிடம் காட்டினேன்.

முதலில் போனது ஒரு பயிற்சி மையத்துக்கு. அங்கிருந்தவர் மொபைலில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க, கலர் இன்னும் கொஞ்சம் எடுப்பா இருந்தா நல்லாருக்கும்" என்றார். பிறகு அவர்களுடைய 3டி வகுப்பைப் பற்றிப் பேசினார். வீட்டுக்கு வந்து இன்னும் நாலு நாள் கலரிலேயே உட்கார்ந்தேன். உறுத்தல் போகவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் பொழுதோட, அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது மொபைலை நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ஓடவிட்டேன். இரண்டு தடவை பார்த்தார்.

"ஏன் அம்மிணி, அந்தக் கொடம் காலியாத்தான இருக்குது?"

"இல்லீங் அம்மிச்சி, தண்ணி நெறைய இருக்குதுங்."

"அப்பறம் ஏன் அவ மொறத்தத் தூக்கற மாதிரி தூக்கறா?"

மூன்று வாரமாக எனக்குப் பிடிபடாதது அந்த ஒரே கேள்வியில் கைக்கு வந்துவிட்டது. அனிமேஷன் படிப்பவர்கள் 'எடை தெரியவில்லை' என்று சொல்லும் குறை அது. அம்மிச்சிக்கு அந்தச் சொல் தெரியாது. குடம் தெரியும்.

வீட்டு ஆட்களிடம் காட்டுவதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். 'அவங்களுக்கு என்ன தெரியும், நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க' என்பது வாதம். நாம் கேட்கும் விதத்தில்தான் அந்தத் தப்பு இருக்கிறது. "எப்படி இருக்குது?" என்று கேட்டால், பிள்ளை மனசு நோகக் கூடாது என்று "நல்லா இருக்குது கண்ணு" என்றுதான் வரும். கேட்கக் கூடாத கேள்வி அது. எதுவும் விளக்காமல் காட்டி, "இவ என்ன பண்றா?" என்று கேட்க வேண்டும். "அந்த ஆளு கோவமா இருக்கறானா, களைச்சுப் போயிருக்கறானா?" என்று கேட்கலாம். "தூக்கறது கனமா, லேசா?" என்று கேட்கலாம். பதில் நாம் நினைத்ததோடு பொருந்தவில்லை என்றால் அனிமேஷன் தோற்றிருக்கிறது. விளக்கம் சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள். படம் பார்க்கும் எல்லாருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க முடியாது.

இவர்களிடம் கருத்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்கே அம்மாவிடமும் தம்பியிடமும் காட்டினேன். அம்மா, "சட்டுனு போயிருது" என்றார். தம்பி, "கை ரொம்ப நீளமா இருக்குதுக்கா" என்றான். மூன்று பேரும் மூன்று குறை சொன்னதுபோலத் தோன்றியது. எந்த இடத்தில் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டபோது மூவருமே 14-லிருந்து 22 வரையுள்ள தாள்களைத்தான் காட்டினார்கள். குறை ஒன்றுதான், மூன்று வாயில் மூன்று விதமாக வந்திருக்கிறது. அனிமேஷன் தெரியாதவர் காட்டும் இடத்தை அப்படியே நம்புங்கள். அவர் சொல்லும் வைத்தியத்தை நம்ப வேண்டியதில்லை. தம்பி சொன்னபடி கையைச் சின்னதாக்கியிருந்தால் இன்னும் 9 தாள் வீணாகியிருக்கும்.

இன்னொன்று. தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் படமெடுத்தால் படம் முழுக்க ஆடும். பார்ப்பவர் அதைத்தான் முதலில் சொல்வார், நீங்கள் கேட்க வந்தது காணாமல் போகும். தாளை நகராமல் மாட்டிவைக்கும் அனிமேஷன் பெக் பார் கிடைக்கவில்லை என்றால் ஆபீஸில் ஃபைலுக்குத் துளை போடும் பஞ்ச் போதும். அதன் இரண்டு துளைகளுக்கும் நடுவே 8 செ.மீ. ஒரு மரச்சட்டத்தில் அதே இடைவெளியில் இரண்டு குச்சியை இறுக்கமாகச் செருகித் தாளை மாட்டினால் நகராது.

அடுத்த வழிக்கு வருகிறேன். இதைப் பற்றி யாரும் பேசுவதாகவே தெரியவில்லை. எனக்கோ இதுதான் உயிர். நீங்கள் வரைந்த அசைவை வாழ்நாள் முழுக்கச் செய்தவரிடம் கேட்பது.

அம்மிச்சி அத்தோடு விடவில்லை. அவரைக்காயைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடத்தை எடுத்துக் காட்டச் சொல்ல அவர் வயசு இடம் கொடுக்காது. பாதித் தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரே தூக்குல இடுப்புக்கு வந்துருமாக்கு? மொதல்ல தொடைக்கு. அங்க சித்தே நிக்கோணும். அப்பறம் ஒரு எத்து எத்தி இடுப்புக்கு." செய்து காட்டினார். நான் மொபைலில் பிடித்தேன்.

ராத்திரி அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது அவர் சொல்லாததும் தெரிந்தது. குடத்தின் கழுத்தைப் பிடித்ததும் உடம்பு மேலே போகவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. பிறகு இடுப்பு எழுந்தது. அதன் பின்னால் தோள் எழுந்தது. கை இரண்டும் இழுபட்டு நேரான பிறகே குடம் மண்ணை விட்டது. இடது இடுப்பில் குடம் உட்கார்ந்ததும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. வலது கை தானாக விரிந்து நின்றது. 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ. அத்தனை கனம் ஒரு பக்கம் ஏறும்போது உடம்பு மறுபக்கம் சாயாமல் நிற்க முடியாது. என் கிழவியோ இடுப்பில் குடத்தோடு விளக்குக் கம்பம் மாதிரி நேராக நடந்தாள்.

இப்படிப்பட்ட ஆசிரியர்கள் நம் பக்கம் எங்கும் இருக்கிறார்கள். காங்கேயம் மாடு நடப்பதை ஒரு நண்பர் வரைந்தார். காலை மூலைக்கு மூலையாக, இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒட்டுக்கா எழும்படி போட்டிருந்தார். பார்ப்பதற்கு அழகாக இருந்தது, மாடு மட்டும் நடப்பதாகத் தெரியவில்லை. மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது நடையில்லீங்க, தாட்டமுங்க. நடக்கறப்ப பின்னங்கால் வந்து முன்னங்கால எழுப்பும் பாருங்க" என்றார். விலங்கு நடையைப் படித்தவர்கள் சொல்லும் வரிசையும் அதேதான்: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். மூலைக்கு மூலையாக இரண்டிரண்டு கால் சேர்ந்து எழுவது ஓட்டம். பெரியவர் கட்டுத்தரையில் நின்றே அதைக் கற்றவர்.

பவானிப் பக்கம் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரை வரைகிறீர்களா? கையை மட்டும் வரைந்துகொண்டு போய்க் காட்டினால் காலைக் கேட்பார். மிதியை அழுத்தினால்தான் பாவு, அதாவது நீளவாக்கு நூல், மேலும் கீழுமாகப் பிரியும். பிரிந்த இடைவெளியில்தான் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும். ஓடிய பிறகுதான் அடி விழும். குழிக்குள் இருக்கும் கால் படத்தில் தெரியாது. ஆனாலும் இடுப்பும் தோளும் அந்தக் காலுக்கு அசைந்து கொடுக்கும். அந்தச் சின்ன அசைவு இல்லாத நெசவாளர் பொம்மையாகத்தான் இருப்பார்.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. உண்மையில் அசைவு எப்படி நடக்கிறது என்பது வரைதான் அவர்களால் சொல்ல முடியும். அதை எத்தனை தாளில், எந்த இடைவெளியில் வரைய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. வீடியோவை அப்படியே தாள் தாளாகப் பிரதி எடுத்தாலும் பிரச்சினை தீராது. கோட்டில் வந்ததும் கனம் குறைந்துபோகும், மிதமிஞ்சி நடுங்கும். அனிமேட்டர் கண் தேவைப்படுவது அங்கேதான்.

எனக்கு வாய்த்தவர் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பல வருஷம் தாளில் வரைந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு அண்ணா. கோவையில் வெரைட்டி ஹால் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். 1914-ல் சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டியதால் வந்த பெயர் அந்த ரோட்டுக்கு. அசையும் படத்தைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்ற தெருவில் 48 தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துபோனது எனக்குத் தனி சந்தோஷம்.

அண்ணா கலரைப் பார்க்கவே இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, 14-லிருந்து 22 வரை ஒவ்வொரு தாளிலும் குடத்தின் அடி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்தார். 9 புள்ளி. அளந்து வைத்ததுபோல் சமதூரம்.

"நடு டிராயிங் எது அம்மிணி?"

"இதுங்ணா, 18."

"இதுல கொடம் எங்க இருக்குது?"

"பாதி ஒசரத்துலங்ணா."

"ஒடம்பு?"

"அதும் பாதிதாங்ணா."

"அதான்" என்றார். புதுத் தாளை மேலே வைத்து, நீலப் பென்சிலில் ஒரே ஒரு படம் வரைந்தார். அதில் கிழவியின் இடுப்பு பாதிக்கு எழுந்திருந்தது, முதுகு வளைந்திருந்தது, கை இரண்டும் கயிறுபோல் இழுபட்டிருந்தன. குடம் இன்னும் மண்ணிலேயே இருந்தது. அந்த ஒரு தாளை நடுவில் வைத்து விரலால் புரட்டினார். குடத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

அசைவின் முக்கிய நிலையை வரைந்த தாள் கீ டிராயிங். இரண்டு கீ டிராயிங்குக்கு நடுவில் வரும் அந்தத் தாளைப் பிரேக்டவுன் என்பார்கள். எல்லாவற்றையும் சரிபாதியில் வைத்தால் அசைவு எண்ணெயில் வழுக்குவதுபோல் போகும். எது முந்துகிறது, எது பின்தங்குகிறது என்று அந்தத் தாளில்தான் முடிவாகிறது. இதை நான் வாசித்திருந்தேன். என் கிழவியில் எந்தத் தாள் என்று வாசிப்பு சொல்லவில்லை.

வாயால் சொல்லும் கருத்துக்கும் தாளின் மேல் வரைந்து காட்டுவதற்கும் இடையிலுள்ள தூரம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஜப்பானிய ஸ்டுடியோக்களில் அனிமேஷன் டைரக்டர் பொறுப்பில் இருப்பவர் பிறர் வரைந்த கீ டிராயிங்கின் மேல் மெல்லிய நிறத்தாளை வைத்துத் திருத்தத்தை வரைந்தே கொடுப்பார். டிஸ்னியில் 1930-களிலேயே பென்சில் கோட்டு நிலையில் படமெடுத்துச் சின்ன அறையில் ஓட்டிப் பார்த்துத் திருத்துவது வழக்கமாகிவிட்டது. புழுக்கத்துக்காக அந்த அறைக்கு 'வியர்வைப் பெட்டி' என்றே பெயர். தொழிலில் இருப்பவர்கள் கலர் கொடுத்த பிறகு திருத்தம் கேட்பதில்லை. நான் அப்படிக் கேட்டதால் கண்டாங்கிக் கட்டம் போட்ட தாள்களில் பாதிக்கு மேல் கழிந்தன. மனசு வலித்தது. அந்த வலிக்குப் பயந்து திருத்தாமலே விட்டுவிடுகிற ஆட்களையும் எனக்குத் தெரியும். ஆகவே பென்சில் நிலையில் காட்டுங்கள். அப்போது எந்தத் தாளையும் தூக்கிப் போட மனசு வரும்.

திருத்திய கணக்கையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முன்பு தூக்குதல் முழுவதும் 9 தாள், அதாவது 18 ஃபிரேம், முக்கால் விநாடி. இப்போது கழுத்தைப் பிடித்து உடம்பு இறங்குவதற்கு 3 தாள், குடம் தொடைக்கு வர 5, அதில் முதல் இரண்டு மிக நெருக்கம், தொடையில் நிற்க 3, எத்துக்கு 3, இடுப்பில் அமர்ந்து அடங்க 3. ஆக 17 தாள், 34 ஃபிரேம், ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. அம்மிச்சி சொன்ன 'சித்தே நிக்கோணும்' என்பது அந்த நடு 3 தாள். அண்ணாவுக்குத் தொடையில் நிறுத்தும் விஷயம் தெரியாது. அவர் குடம் தூக்கியவர் இல்லை. அம்மிச்சிக்குப் பிரேக்டவுன் தெரியாது. இருவரில் யாரை விட்டிருந்தாலும் அந்தக் கிழவி அரைகுறையாகத்தான் நடந்திருப்பாள்.

அண்ணாவைப் போன்றவரிடம் போவதில் உள்ள சிரமமும் சொல்ல வேண்டும். கோபியிலிருந்து கோவைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போகும். அவர் நேரத்தை அடிக்கடி கேட்க முடியாது. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார், வாராவாரம் போய் நின்றால் யாருக்கும் சலிக்கும். வீட்டிலும் நீங்களாகவும் கண்டுபிடிக்கக் கூடிய குறைகளைத் தீர்த்துவிட்டு, உங்களால் முடியாததை மட்டும் கொண்டுபோங்கள். அதற்காகத்தான் இவரை மூன்றாவதாக வைத்தேன். காசு வாங்கிக்கொண்டு வீடியோ அழைப்பில் திருத்திக் கொடுக்கும் அனிமேட்டர்களும் இருக்கிறார்கள். மேலே வரைந்து காட்டுவார் என்றால் அந்தக் காசு தகும். பேசி மட்டும் அனுப்புவார் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

பயிற்சி மையத்தைப் பற்றி என் அனுபவம் கசப்பு. ஆனாலும் அதை வைத்து எல்லாவற்றையும் தள்ளிவிட மாட்டேன். இந்தக் கலை நம் நாட்டில் வேர் பிடித்ததே பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியதால்தான். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-ல் பம்பாய்க்கு வந்து மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இந்திய அனிமேஷனின் முன்னோடியாகப் பிறகு போற்றப்பட்ட ராம் மோகன் அங்கே பழகியவர்களில் ஒருவர். தனியாக இருந்தால் வரையவே மாட்டேன், யாராவது வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்துக் கேட்டால்தான் வரைவேன் என்கிறவருக்கு வகுப்பு நல்லது. துள்ளும் பந்து, ஊசல், மாவு மூட்டை, நடை என்று பயிற்சிகளை வரிசையாக ஏற்றிவிடுவார்கள். பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். திருத்துகிறவர் தாளில் வரைந்து காட்டுவாரா? வாரத்துக்கு ஒரு மாணவருக்கு எவ்வளவு நேரம்? யாராவது ஒரு மாணவரின் முதல் பென்சில் டெஸ்டையும் (பென்சில் கோட்டு நிலையில் ஓட்டிப் பார்க்கும் படம்) மூன்றாம் மாத டெஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இதையே படிப்பாக எடுக்க நினைப்பவருக்கு அகமதாபாத் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) போன்ற இடங்களின் நுழைவுத்தேர்வு தனிக் கதை. இங்கே அதைக் கலக்கவில்லை.

கூட வரைகிறவர்கள் என்பது நடுத்தரமான வழி. ஈரோட்டில் ஒருத்தர், பொள்ளாச்சியில் ஒருத்தர், நான். மாசத்தில் ஒரு ஞாயிறு அவிநாசியில் சந்திப்போம். அந்த ஞாயிறு வருகிறதே என்கிற பயத்தில் வேலை நடந்துவிடும். அதுவே பெரிய லாபம். ஆனால் மூவரும் ஒரே படியில் நிற்பவர்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்கும் தெரியாது. எடை என்றால் என்ன என்று மூவருக்குமே பிடிபடாத காலத்தில் மூவரும் கோட்டின் அழகைப் பற்றியே மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம்.

ஒருமுறை மட்டும் அந்தக் கூட்டம் எனக்கு யாரும் தராததைத் தந்தது. பொள்ளாச்சித் தோழி, வள்ளி கும்மி என்ற நாட்டுப்புற ஆட்டம் ஆடுகிறவள். கோவை வட்டாரத்தில் அந்தக் கும்மியைத் தலைமுறைகளுக்குச் சொல்லித்தந்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவள் அடைந்த சந்தோஷத்தில்தான் கும்மி அடியை அனிமேஷனாக வரைய உட்கார்ந்தாள். அடி தாளத்தில் விழாமல் நழுவிக்கொண்டே இருந்தது. ஈரோட்டு நண்பர் கணக்குப் போட்டார்: நிமிஷத்துக்கு 120 அடி என்றால் விநாடிக்கு 2 அடி, அடிக்கு 12 ஃபிரேம், 6 தாள். அவள் பாட்டை அளந்தபோது நிமிஷத்துக்கு 96 அடி வந்தது. அடிக்கு 15 ஃபிரேம். இரண்டிரண்டாக ஓடும் தாளில் 15 எப்படி விழும்? ஒவ்வொரு அடியிலும் ஏதாவது ஒரு தாளை மட்டும் ஒரே ஃபிரேம் நிறுத்த வேண்டும். கை தட்டும் தாளை அப்படி வைத்தாள். தட்டு பளிச்சென்று விழுந்தது. ஆடத் தெரிந்தவளும் கணக்குத் தெரிந்தவரும் ஒரே மேஜையில் இருந்ததால் நடந்தது அது. கூட்டு சேருவதென்றால் உங்களைப் போலவே இருப்பவர்களாகச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, தானே பார்த்துக்கொள்வது. யாருமே இல்லாத ஊரில் இருக்கிறீர்கள் என்றால் இதிலேயே பாதித் தூரம் போகலாம். முடித்ததை மூன்று நாள் பார்க்காமல் வையுங்கள். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பி ஓட்டுங்கள். சாய்ந்த முகமும் வளைந்த முதுகும் உடனே கண்ணில் படும். கேரக்டரைக் கருப்பாக நிரப்பி நிழலாக ஓட்டிப் பாருங்கள். என்ன செய்கிறாள் என்று அப்போதும் தெரிய வேண்டும். கிரிட்டா, பென்சில்2டி, ஓபன்டூன்ஸ் என்ற மென்பொருள் மூன்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. முந்தின தாளும் பிந்தின தாளும் மங்கலாகத் தெரியும் ஆனியன் ஸ்கின் மூன்றிலும் உண்டு. எல்லாவற்றையும்விட அண்ணா வைத்த புள்ளிகள்தான் என் கையில் ஒட்டிக்கொண்டவை. மணிக்கட்டு, இடுப்பு, தலை உச்சி, தூக்கும் பொருள், இந்த நான்குக்கும் தனித்தனித் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வளைவாகப் போகின்றனவா, கோணல்மாணலாகப் போகின்றனவா, தொடக்கத்தில் நெருங்கி நடுவில் விலகுகின்றனவா என்று கண் தானே சொல்லும். என்னதான் செய்தாலும் முதல்தடவை பார்ப்பவரின் கண்ணால் நீங்கள் பார்க்க முடியாது: படத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு முன்பே தெரியும். தெரியாத ஒருவரின் கண்ணை நீங்கள் கடன் வாங்கத்தான் வேண்டும்.

திருத்திய படத்தை அம்மிச்சியிடம் மறுபடி காட்டினேன். இந்தத் தடவை ஒரு குறையும் சொல்லவில்லை. பார்த்து முடித்துவிட்டு, "இந்த வயசுல இவள ஏன் தண்ணிக்கு அனுப்பறாங்க, வீட்டுல வேற ஆளு இல்லியா?" என்று கேட்டார்.

தெரிந்த அனிமேட்டர் தூரத்தில் இருந்து, வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் வீடியோவை டாகுமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அமுங்கி, மெல்லிய பென்சில் கோடு மங்கிவிடும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் போட்டிருக்க வேண்டும், அவர் '18-ம் தாள்' என்று சொல்ல வசதியாக. கூடவே எழுதுவது நாலு வரிக்கு மேல் வேண்டாம். நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "அண்ணா, வணக்கமுங்க. 4 விநாடி, 24 ஃபிரேம், இரண்டிரண்டாக, பென்சில் நிலை. வீட்டில் காட்டியதில் 30-லிருந்து 36 வரை காலு வழுக்குற மாதிரி இருக்குதுன்னாங்க. பாதத்துக்குப் புள்ளி வெச்சுப் பாத்துட்டேன், சமமாத்தான் இருக்குது, அப்படியும் வழுக்குது. நேரம் இருக்கறப்ப ஒரு தாள் மட்டும் மேல வரஞ்சு காட்டுனீங்கன்னா போதுமுங்க." பதில் வர ஒரு வாரம் ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். வந்ததும் திருத்தி, திருத்தியதை அவருக்கே முதலில் அனுப்புங்கள்.